ஒனேலியாவின் பெட்டியில் எண்பத்து நான்கு முட்டைகள்

ஒனேலியா கார்மெனாத்தே இருபத்தாறு வருடம் குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்தவள். லாஸ் துனாஸ் நகரத்துக்கு வெளியே, சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலையில் அந்த நிலையம் இருந்தது. அறை அறையாகப் பெரிய பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் முட்டை. முதலில் தீவனம் வருவது குறைந்தது. பிறகு கோழி குறைந்தது, முட்டை குறைந்தது, ஒரு நாள் கதவையே பூட்டிவிட்டார்கள். கடைசி நாளன்று மற்றவர்கள் நாற்காலி, ஜன்னல் சட்டம், கம்பிச் சுருள் என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒனேலியா கையை வீசிக்கொண்டு வந்தாள்.

"வெட்கமா இருந்துச்சு மிரேலிஸ். இப்போ நினைச்சா வயித்தெரிச்சலா இருக்கு. ஒரு வெப்பமானியாவது எடுத்திருக்கலாம்" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

எதிர்வீடுதான் என்னுடையது. வாசலில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்தால் அவள் வீட்டுக் கூடம் முழுக்கத் தெரியும். அவளுக்குப் புருஷன் இருந்தான். சாந்தியாகோவில் வேறொருத்தியோடு போய்ச் சேர்ந்து இருபது வருடமாகிறது. பிள்ளை இல்லை. வீட்டில் அவளும் அண்ணன் அபுந்தியோவும்தான்.

அபுந்தியோ பஸ் டிரைவராக இருந்தவர். தொண்ணூற்று மூன்றில், ஒழுங்கான சாப்பாடு இல்லாத அந்த வருடங்களில், ஊரில் நிறையப் பேருக்குக் கண்ணில் ஒரு நோய் வந்தது. பார்வையின் நடுவில் புகை அடைத்ததுபோல ஆகிவிடும். மாத்திரை கொடுத்தார்கள், பலருக்குச் சரியானது. அவருக்கு ஆகவில்லை. புகை வளர்ந்து வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. அப்போது அவருக்கு முப்பது வயது. வாய் மட்டும் ஓயாது. "நாப்பது பேரை ஏத்திக்கிட்டு ஹோல்கினுக்குப் போனவன்டா நான். இன்னைக்குக் கக்கூசுக்குப் போக ரூட் தேடறேன்" என்பார்.

நிலையம் மூடி ஒரு வருடம் ஒனேலியா என்னென்னமோ செய்து பார்த்தாள். கொய்யா மிட்டாய் கிண்டினாள், சர்க்கரை கிடைக்கவில்லை. துணி துவைத்தாள், சோப்பு கிடைக்கவில்லை. ஒரு நாள் காலை, கொல்லையில் செத்துக் கிடந்த பழைய ரஷ்ய ஃப்ரிட்ஜை இரண்டு பேரை வைத்துக் கூடத்துக்கு இழுத்து வந்தாள்.

"என்னடி சத்தம்?" என்றார் அபுந்தியோ.

"ஃப்ரிட்ஜ்."

"செத்ததை எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டு வர?"

"இது இனிமே குளிர வைக்காதுண்ணே. சூடு பண்ணப் போகுது."

பதினைந்து நாள் அதனோடு மல்லுக்கு நின்றாள். அடியில் மூன்று நாற்பது வாட் பல்புகள். உடைந்த இஸ்திரிப் பெட்டியிலிருந்து கழற்றிய சூடு கட்டுப்படுத்தும் தகடு. யாரோ தூக்கிப் போட்ட கம்ப்யூட்டரின் சின்ன விசிறி. நெல்லிக்காய் அளவு ஓட்டைகள், காற்று போக மேலே மூன்று, கீழே மூன்று. மத்தி மீன் டப்பாவில் தண்ணீர், உள்ளே ஈரம் இருப்பதற்கு. வெப்பமானி என்று இருந்தது காய்ச்சல் பார்க்கும் பாதரசக் குழாய் ஒன்றுதான். அதை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். முப்பத்தேழரைக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். இரண்டு நாள் வெறும் பெட்டியை எரியவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முட்டைக்கு எங்களிடம் வந்தாள். தெருவில் அப்போது ஏழெட்டு வீட்டில் கோழி இருந்தது. முட்டை கொடுப்பவருக்குப் பொரிகிற குஞ்சில் பாதி, அவளுக்குப் பாதி. முதல் ஆளாக மூலைவீட்டு ஒர்லாந்தினோ ரேஷன் முட்டை ஐந்தைத் தொப்பியில் வைத்துக்கொண்டு வந்தான்.

"இதை எடுத்துட்டுப் போய் ஆம்லெட் போடு" என்றாள் ஒனேலியா.

"ஏன், பொரிக்காதா?"

"இதைப் போட்ட கோழி ஜென்மத்துல சேவலைப் பாத்ததில்லடா."

அபுந்தியோ உள்ளேயிருந்து, "கன்னி மரியாளுக்கு மட்டும்தான் அது நடந்துச்சு தம்பி. கோழிக்கு நடக்காது" என்றார். தெருவே சிரித்தது.

முதல் தடவை அறுபது முட்டை வைத்தாள். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை திருப்பிவிடுவாள். ஏழாம் நாள் ஜன்னலை அடைத்துவிட்டு, அட்டையில் ஓட்டை போட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். என்னையும் கூப்பிட்டாள். உள்ளே சிவப்புச் சிலந்தி ஒன்று காலை விரித்துக்கொண்டு இருந்த மாதிரி இருந்தது. அந்தச் சிலந்தியின் நடுவில் ஒரு புள்ளி துடித்தது. கரு இல்லாத பதினொன்றை எடுத்து வைத்தாள்.

அபுந்தியோவுக்கு அதில் பங்கில்லாமல் இருந்தது. இருபதாம் நாள் சும்மா ஒரு முட்டையைக் காதில் வைத்தவர் அப்படியே அசையாமல் நின்றுவிட்டார்.

"ஒனேலியா... உள்ள எவனோ கதவைத் தட்டறான்."

அன்றைக்கு அவர் முகத்தை நான் பார்த்தேன். முப்பது வருடமாக அவர் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று அவருக்கு முதலில் தெரிந்ததே கிடையாது. அதன்பிறகு வெளிச்சத்தில் பார்ப்பது அவள் வேலை, காதில் வைத்துக் கேட்பது அவர் வேலை. பேசுகிற முட்டை, பேசாத முட்டை என்று பிரித்து வைப்பார். நாற்பத்தொரு குஞ்சு வந்தது. இரண்டாம் தடவை நாற்பத்து மூன்று. கோழி இல்லாத வீட்டுக்கும் குஞ்சு போனது. ஒனேலியா நடக்கிற நடையே மாறியிருந்தது.

அப்புறம் மின்வெட்டு வந்தது. எப்போதும் இருந்ததுதான், ஆனால் நான்கு மணி நேரம் ஆறானது, ஆறு பத்தானது. மூன்றாம் தடவை அவளுக்கு ஒன்பது குஞ்சுதான் கிடைத்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் கற்றுக்கொண்டாள். கரண்ட் போனதும் ரம் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றிப் பெட்டிக்குள் வைப்பாள். பெட்டியைக் கம்பளியால் போர்த்துவாள். சூடு அதிகமானாலும் ஆபத்து, முட்டை உள்ளேயே வெந்துவிடும். காய்ச்சல் குழாய் ஒரு நாள் கை தவறி உடைந்தது. அதற்குப் பிறகு அபுந்தியோ முட்டையை எடுத்து மூடிய கண் இமையில் வைத்துப் பார்த்துச் சொல்வார், "கொஞ்சம் தூக்கல். ஒரு பாட்டிலை எடு." அவர் சொன்னது தப்பாது. நான்காம் தடவை, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கரண்ட் இல்லாமலே, முப்பது குஞ்சு பொரித்தது.

அந்தத் தைரியத்தில்தான் செப்டம்பர் கடைசியில் எண்பத்து நான்கு முட்டை வைத்தாள்.

அதில் இருபத்திரண்டு சொராய்தாவுடையது. எனக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். அவள் புருஷன் ஃபிதென்சியோவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி, ஆள் துணி உலர்த்தும் கம்பி மாதிரி ஆகியிருந்தான். தினம் ஒரு முட்டை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொராய்தா தயங்கினாள். ஒனேலியாதான் அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினாள். நான் கூட இருந்தேன்.

"இதைத் தின்னா இருபத்திரண்டு நாள் ஓடும் சொராய்தா. குஞ்சாக்கினா உம் பங்குல ஏழெட்டாவது வரும். அதுல நாலு பெட்டையா இருந்தாக்கூட வருஷம் பூரா முட்டை."

"இந்த மூணு வாரம் இந்த மனுஷனுக்கு என்னத்தைக் குடுக்க?"

"பீன்ஸ் ரசம் குடு. நான் மரவள்ளிக் கிழங்கு தரேன். என்னை நம்பு."

சொராய்தா நம்பினாள்.

பதினான்காம் நாள் டார்ச் வெளிச்சத்தில் எழுபத்தொரு முட்டையில் உயிர் இருந்தது. பதினெட்டாம் நாளோடு திருப்புவதை நிறுத்தினாள். குஞ்சுகள் தலையைத் திருப்பி, ஓட்டைக் கொத்த இடம் பார்க்கும் நேரம் அது. பத்தொன்பதாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானத்துக்குச் சற்று முன்னால் கரண்ட் போனது.

வழக்கமானதுதான் என்று வெந்நீர் வைத்தாள். சாயங்காலம் பேட்டரி ரேடியோவில் சொன்னார்கள். நாடு முழுக்கப் போயிருக்கிறது, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவில் எங்கேயும் ஒரு விளக்கு இல்லை. எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை.

"பயப்படாதண்ணே. இந்தக் கடைசி நாள்ல குஞ்சே சூடு குடுக்கும். நெருக்கி வெச்சுப் போர்த்தினாப் போதும்" என்றாள்.

அவளிடம் கரி அரை மூட்டை இருந்தது. மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீரும் நின்றுவிட்டது. ஒரே தண்ணீரைப் பாட்டிலிலிருந்து சட்டிக்கும், சட்டியிலிருந்து பாட்டிலுக்கும் மாற்றி மாற்றிக் காய்ச்சினாள். சனிக்கிழமை காலை அபுந்தியோ காதில் வைத்துப் பார்த்து, "ஐம்பதுக்கு மேல பேசுது" என்றார். மூன்று முட்டையில் ஓட்டை விழுந்திருந்தது. மத்தியானம் அந்த மூன்றும் வெளியே வந்தன. தெருவில் கேட்டவர்கள் எல்லோரும் கையில் ஏதாவது கொண்டு வந்தார்கள். ஒர்லாந்தினோ தன் வீட்டில் மிச்சமிருந்த கரியைக் கொண்டு வந்து கொட்டினான். என்னிடம் தைக்க வந்திருந்த கம்பளிச் சட்டை இரண்டை நான் கொடுத்தேன், யாருடையது என்று கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. கிழக்கே புயலாம். கூரை ஒழுகி, இருந்த கரியும் நனைந்தது. விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. பத்து மணிக்கு அபுந்தியோ ஒரு முட்டையை இமையில் வைத்துப் பார்த்து, "ஆறுதுடி" என்றார்.

ஒனேலியா நீளமான படுக்கை விரிப்பை எடுத்து, பன்னிரண்டு முட்டையை வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டாள். சட்டையை மேலே இழுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு எட்டு கட்டினாள். சொராய்தா வந்தாள், அவளுக்குப் பத்து. இன்னும் இரண்டு பெண்கள். மீதி முட்டை கம்பளி போர்த்திய பெட்டியிலேயே இருந்தது. கூடத்தில் ஐந்து பேர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, அசையாமல், வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மழை ஓட்டில் விழுகிற சத்தம் தவிர வேறில்லை.

ஒர்லாந்தினோ வாசலில் தலையை நீட்டினான். "அடேயப்பா! எல்லாருக்கும் ஒரே மாசமா? யார் பண்ணின வேலைங்க இது?"

"உன் அப்பன்" என்றாள் சொராய்தா.

சிரித்தால் முட்டை உடையும் என்று ஒனேலியா கத்தினாள். அதற்கும் சிரித்தோம். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அவ்வளவுதான்.

அபுந்தியோ ஒருவர் மாற்றி ஒருவரிடம் வந்து, ஒவ்வொரு முட்டையாக வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். "இருக்கு" என்பார். திருப்பிக் கொடுப்பார். அடுத்தது. "இருக்கு." ஒனேலியா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலமும் அப்படியே. திங்கட்கிழமை காலையும் அப்படியே. எனக்கு இடுப்பு மரத்துப்போய், கொஞ்சம் நடக்கலாம் என்று கொல்லைப்பக்கம் போனேன். அங்கே சும்மா ஒரு முட்டையை எடுத்து என் காதில் வைத்தேன். ஒன்றுமில்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. எட்டையும் வைத்துப் பார்த்தேன். கல்லைக் காதில் வைத்த மாதிரி இருந்தது.

அபுந்தியோ தண்ணீர் குடிக்க வந்தபோது கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அண்ணே, எனக்குக் கேக்கலியே. எப்படிக் கேக்கணும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் கேக்கல மிரேலிஸ். நேத்துக் காலைலேயே பாதி நின்னுபோச்சு. ஒண்ணு ஒண்ணா நின்னுச்சு. சாயங்காலம் நாலஞ்சு இருந்துச்சு. ராத்திரி அதுவும் இல்ல."

"அப்புறம் ஏண்ணே இருக்கு இருக்குன்னு..."

"இல்லைன்னு சொன்னா அவ அந்த நாற்காலியிலேருந்து எந்திரிச்சு எங்க போவா?"

நான் திரும்பி வந்து, எட்டு முட்டையையும் மறுபடி வயிற்றில் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. தெருவில் சின்னதாக ஒரு கூச்சல். ஃப்ரிட்ஜின் அடியில் மூன்று பல்பும் எரிந்தன. ஒனேலியா எல்லா முட்டையையும் பழையபடி அடுக்கி, டப்பாவில் தண்ணீர் ஊற்றி, கதவைச் சாத்தினாள். செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. மூன்று குஞ்சு அட்டைப்பெட்டியில் கத்திக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜுக்குள் சத்தமே இல்லை. வியாழக்கிழமை காலை கொல்லையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, அவள் ஒவ்வொன்றாக உடைத்தாள்.

முட்டை கொடுத்தவர்கள் எல்லாம் நின்றிருந்தார்கள். உள்ளே முழுக் குஞ்சு. இறகு, நகம், ஓட்டைக் கொத்த மூக்கு நுனியில் இருக்கும் அந்தச் சின்னப் பல், எல்லாம் இருந்தது. சில குஞ்சுகள் ஓட்டில் கீறலே போட்டிருந்தன. மஞ்சள், கறுப்பு, சாம்பல். சாக்கில் வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். அறுபதைத் தாண்டியதும் எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

சொராய்தா தன் முட்டைகளுக்குச் சிவப்புப் பென்சிலில் குறி போட்டிருந்தாள். அந்த ஓடுகளைப் பார்த்தபடி நின்றவள் கடைசியில் வாயைத் திறந்தாள். கத்தவில்லை.

"இதை அவிச்சுக் குடுத்திருந்தா அந்த மனுஷன் தின்னிருப்பான், ஒனேலியா. இருபத்திரண்டு நாள் தின்னிருப்பான்."

"தெரியும்" என்றாள் ஒனேலியா.

"நீதான வந்து சொன்ன. என் வீட்டு நாற்காலியில உக்காந்து."

"ஆமா. நான்தான்."

"கரண்டைக் கொண்டுபோனவனைப் பிடிச்சுக் கேக்க முடியாது. உன்னைத்தான் கேக்க முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை.

எல்லோரும் போன பிறகு அபுந்தியோ தங்கச்சி பக்கத்தில் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. ஞாயித்துக்கிழமை..."

"தெரியும்ணே."

"என்னத்தைத் தெரியும்?"

"இருபத்தாறு வருஷம் கையில எடுத்திருக்கேன். செத்த முட்டை கையில வேற மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலமே தெரிஞ்சுது."

"அப்ப எதுக்குடி மறுநாள் வரைக்கும் கட்டிக்கிட்டு உக்காந்திருந்த?"

அவள் ஓடுகளை அள்ளிப் பக்கெட்டில் போட்டாள். "நீ இருக்கு இருக்குன்னு சொல்றப்ப எப்படிண்ணே அவுக்கறது" என்றாள். அப்புறம் மண்வெட்டியைத் தேடிக்கொண்டு போனாள்.

ஃபிதென்சியோ சாகவில்லை. யாரும் அப்படி நினைத்துவிட வேண்டாம். ஆனால் நிமிரவும் இல்லை. இன்றைக்கும் கட்டிலிலிருந்து வாசல், வாசலிலிருந்து கட்டில், அவ்வளவுதான் அவன் நடை.

மூன்று குஞ்சில் இரண்டு ஒரு வாரத்துக்குள் போய்விட்டன. நவம்பரில் மறுபடி இரண்டு முறை நாடு முழுக்க இருண்டது. தீவனம் இல்லாமல் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கோழியை அறுத்துவிட்டார்கள். நானும் என் இரண்டையும் அறுத்தேன். முட்டையே இல்லாத தெருவில் குஞ்சு பொரிக்கும் பெட்டி எதற்கு? ஒரு நாள் ஒனேலியா பல்புகளைக் கழற்றி வீட்டுக்குள் மாட்டினாள். முட்டைத் தட்டுகளின் மரச்சட்டம் அடுப்புக்குப் போனது. ஃப்ரிட்ஜை மல்லாத்தி, ஓட்டைகளைத் தாரால் அடைத்து, தண்ணீர் பிடித்து வைக்கிறாள். பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவன், தன் வீட்டுக் கோழி போட்ட நான்கு முட்டையோடு வந்து கெஞ்சினான்.

"வெச்சுக் குடுங்கக்கா. நாலே நாலு."

"தின்னுட்டுப் போ" என்றாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். கதவைச் சாத்திவிட்டாள்.

மிச்சமிருந்த ஒரு குஞ்சு சேவலாக வளர்ந்தது. செம்பட்டை நிறம், கழுத்து நீளம். கூவிக் கூப்பிடப் பக்கத்தில் ஒரு பெட்டைகூட இல்லை. அபுந்தியோ மட்டும் அதோடு பேசிக்கொண்டிருப்பார். மார்ச்சில் ஒரு மத்தியானம், ஒனேலியா அதன் காலைக் கட்டி, கையில் தூக்கிக்கொண்டு சொராய்தா வீட்டுக்குப் போனாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு இரண்டு பேரும் பேசியதில்லை.

"அவருக்கு சூப் வெச்சுக் குடு" என்று சொல்லி, சேவலை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். சொராய்தா அதை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் சொராய்தா என்னைக் கூப்பிட்டு, மூடிய கிண்ணம் ஒன்றைக் கையில் கொடுத்தாள். "அவ வீட்ல குடுத்துடு. நான் போகமாட்டேன்." கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒனேலியா மூடியைத் திறந்து பார்த்தாள். சூப், அதில் ஒரு கால் துண்டு, இரண்டு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஸ்பூனைக் கையில் கொடுத்தாள். அவர் குனிந்து மோந்து பார்த்தார். வெறுமையான கொல்லைப்பக்கம் ஒரு தடவை முகத்தைத் திருப்பினார். கடைசிச் சொட்டு வரைக்கும் மெதுவாகக் குடித்தார்.

அவள் கிண்ணத்தைக் கழுவி, பாவாடையில் துடைத்து, என் கையில் கொடுத்தாள்.

"உப்பு சரியா இருந்துச்சுன்னு சொல்லு" என்றாள்.

அவள் வாயில் ஒரு சொட்டுக்கூட வைக்கவில்லை. சொராய்தாவிடம் அதைச் சொல்லவில்லை நான். உப்பு சரியாக இருந்தது என்றுதான் சொன்னேன்.